அறுபத்திரண்டுக்கு ஐம்பத்தொன்பது

வாசகரே, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் மட்டும் வெளிப்படுகிற ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. வார நாள்களில் இவ்வினத்தாரை ஏனைய மனிதரிடமிருந்து பிரித்தறிவது கடினம். பேருந்துக்குக் காத்து நிற்பார்கள், கோப்புகளில் கையெழுத்திடுவார்கள், பல் வலித்தால் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஞாயிறு பிற்பகல் வர வேண்டும். தொலைக்காட்சியில் இருபது பந்தயக் கார்கள் உறுமிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். தடத்தின் மேலே ஐந்து சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து ஒருசேர அணைய வேண்டும். அந்த நொடியில், அதுவரை சாதாரண மனிதராக இருந்தவர் சாய்மானத்திலிருந்து முதுகை எடுத்து, முழங்கைகளை முழங்கால்மேல் ஊன்றி, உலகத் தரம் வாய்ந்த பந்தயப் பொறியாளராக மாறிவிடுகிறார். இவருக்குச் சோபாப் பொறியாளர் என்று பெயரிடலாம். இதைவிடப் பொருத்தமான பெயர் உங்களிடம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். இவரிடம் சொல்லாதீர்கள்.

சோபாப் பொறியாளர் பந்தயக் காரில் உட்கார்ந்தவர் அல்லர். பந்தயத் தடத்தை நேரில் பார்த்தவரும் அல்லர். சொந்த ஸ்கூட்டர் பஞ்சரானால் தள்ளிக்கொண்டு போய்க் கடையில் விட்டுவிட்டு, மரியாதையான தூரத்தில் நின்று கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொள்வார். ஆனால் மென்மையான டயர் எத்தனை சுற்றுக்குத் தாங்கும், கடினமான டயர் சூடேற எத்தனை சுற்று பிடிக்கும், தூறல் விழுந்தால் எந்த நொடியில் காரை உள்ளே அழைத்து நான்கு டயரையும் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "கூப்பிடு, இப்பக் கூப்பிடு, உள்ள கூப்பிடுய்யா!" என்று திரையை நோக்கி ஆணையிடுவார். நேரலை என்று சொல்லப்படும் படம் பல நொடி பிந்தித்தான் வீட்டுக்கு வந்து சேருகிறது. ஆகவே இவர் ஆணை பிறப்பிக்கும்போது அங்கே பெரும்பாலும் காரியம் முடிந்திருக்கும். தம் சொல் உடனுக்குடன் நிறைவேறுகிறது என்று ஒருவர் நம்புவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"நான் பத்து சுத்துக்கு முன்னாடியே சொன்னேன்" என்பது இவருடைய நிரந்தர வாசகம். எதைச் சொன்னார், யாரிடம் சொன்னார் என்று கேட்பது பண்பன்று. "நான் எந்த டீமுக்கும் ஆள் இல்ல, எனக்கு டேட்டாதான் முக்கியம்" என்பது அடுத்தது. இதைச் சொல்லிவிட்டால், பின்னால் எதைச் சொன்னாலும் அது டேட்டா ஆகிவிடும்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். ஒருவரையே எடுத்துக்கொள்வோம்.

அவரை நண்பர்கள் மில்லிமீட்டர் என்று அழைப்பார்கள். அவருடைய உத்தியோகமே அளவுதான். கடைத் தராசு, மருந்துக்கடை எடைக்கல், துணிக்கடை அளவுகோல் ஆகியவற்றைச் சோதித்து முத்திரை குத்துகிற அலுவலகத்தில் அவர் மூத்த பரிசோதகர். அரை கிராம் குறைந்தாலும் முத்திரை கிடையாது. எந்தச் சோதனைக்கும் முன்னால், சோதிக்கப் பயன்படும் கல்லையே முதலில் சோதிக்க வேண்டும் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர் நடத்துகிற அரை மணி நேர வகுப்பு அந்த அலுவலகத்தில் பிரசித்தம். அரை மணிக்கு ஒரு நிமிடம் கூடாது, குறையாது.

வீட்டிலும் அப்படித்தான். பதினோரு ஆண்டுப் பந்தயங்கள் ஏழு நீள நோட்டுகளில் பதிவாகியிருந்தன. எந்த ஓட்டுநர் எந்த டயரில் எத்தனை சுற்று ஓடினார் என்பது நீல மையில்; ஏன் அப்படி ஓடியிருக்கக் கூடாது என்பது சிவப்பு மையில். இந்தப் பதினோரு ஆண்டும் சோபாவின் வலப்பக்கம் அவர், இடப்பக்கம் அவருடைய மச்சினன். மனைவியின் உடன்பிறந்த ஒரே தம்பி. மின்தூக்கி பழுது பார்க்கும் மெக்கானிக். வாரம் ஆறு நாளும் அடுக்குமாடிக் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு, ஏழாம் நாள் அக்கா வீட்டில் வெளிச்சம் பார்க்க வருகிறவன். நீல அணியின் தீவிர ரசிகன். அவ்வணி ஒன்பது ஆண்டு வெற்றியே காணாதபோதும் நீலச் சட்டையைக் கழற்றாதவன். அத்தானுக்கு அறிவு, மச்சினனுக்கு அன்பு என்று வேலையைப் பிரித்துக்கொண்டு இருவரும் ஒற்றுமையாகப் பந்தயம் பார்த்துவந்தார்கள். நடுவில் மிக்சர்க் கிண்ணம் இருந்தது. அதற்குக்கூடச் சண்டை வந்ததில்லை.

வந்தது டயரால்.

அந்த ஞாயிறு, நாற்பத்தோராம் சுற்றில், நீல அணிக் காரின் இடப்பக்கப் பின் டயர் நேர்ச்சாலையில் வெடித்தது. ஐந்து சுற்றுக்குப் பின் அதே அணியின் இன்னொரு காரின் அதே டயர் வெடித்தது. மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் சுழன்று, தடுப்புச் சுவரில் தேய்ந்து, மூன்று சக்கரத்தில் நின்றது.

"ஐயோ! அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று சமையலறை வாசலிலிருந்து மில்லிமீட்டரின் மனைவி கேட்டாள்.

"இரு, ரீப்ளே போடறான்!" என்று இரு ஆண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஓட்டுநர் தாமாகவே இறங்கி, சுவரோரம் உட்கார்ந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமல் வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலைக்குள் உலகம் இரண்டாகப் பிளந்தது. பந்தய டயரில் காற்றுக் குறைந்தால் அது சாலையில் நன்றாகப் படிந்து பிடிக்கும், கார் விரைவாக ஓடும். ஆனால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நைந்துபோகும். அதனால்தான் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று டயர் நிறுவனம் ஓர் அளவை விதித்திருந்தது. "எங்கள் டயரில் குறையில்லை, காற்றுக் குறைவாக ஓடியிருக்கக்கூடும்" என்றது நிறுவனம். "விதித்த அளவுதான் வைத்தோம், டயர்தான் சரியில்லை" என்றது நீல அணி. இருவருமே தங்கள் கூற்றுக்கு ஆதாரம் தரவில்லை. சோபாப் பொறியாளர்களுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா?

மில்லிமீட்டர் உறுப்பினராக இருந்த கைப்பேசிக் குழுவில் ஆயிரத்து முந்நூறு பேர். அன்று மாலை ஆறு முதல் எட்டு மணி வரை அதில் வந்த செய்திகள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. ஓட்டுநர் நலமா என்று கேட்டவை மூன்று. அவற்றுள் ஒன்று, பள்ளி வேன் ஓட்டுநரைப் பற்றி வேறு குழுவுக்கு அனுப்ப வேண்டியது, தவறி வந்தது. மற்றவை எல்லாம் தீர்ப்புகள். பல் மருத்துவர் ஒருவர் ரப்பரின் வேதியியலைப் பற்றி எழுதினார். கல்யாண மண்டப மேலாளர் ஒருவர் தடத்தின் தார் சரியில்லை என்றார். யாரும் யாரையும் நம்பவில்லை. எல்லாரும் ஆதாரம் கேட்டார்கள்.

மில்லிமீட்டர் எழுந்து போய் அலுவலகப் பையிலிருந்து எஃகு அளவுகோலை எடுத்துவந்தார்.

வெடிப்பதற்கு மூன்று நொடிக்கு முன், நீலக் கார் பக்கவாட்டில் முழுதாகத் தெரிகிற காட்சியில் படத்தை நிறுத்தினார். திரைக்கு முன் மண்டியிட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இடப்பக்கப் பின் டயரின் குறுக்கே அளவுகோலை வைத்தார்: அறுபத்திரண்டு மில்லிமீட்டர். நிமிர்த்தி வைத்தார்: ஐம்பத்தொன்பது. மறுபடி அளந்தார். மறுபடியும் அதுவே. அகலம் கூடி, உயரம் குறைந்திருந்தது. டயர் அமுங்கியிருக்கிறது. அமுங்கினால் காற்றுக் குறைவு. காற்றுக் குறைவென்றால் நீல அணி அளவை மீறியிருக்கிறது. வரலாற்றில் மாபெரும் கண்டுபிடிப்புகள் பல முழங்காலிட்ட நிலையில் நிகழ்ந்தவை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், எழுந்திருக்கவே மனமில்லை.

"மாப்ளே," என்றார் திரும்பாமலே. "உங்காளுங்க காத்தைக் குறைச்சிருக்கானுங்க."

"என்ன அத்தான், விளையாடறீங்களா?"

"டேட்டா பேசுது. அறுபத்திரண்டுக்கு அம்பத்தொம்பது."

"சரி, மத்த வண்டியோட டயர் எவ்வளவு?"

"அதை எதுக்கு அளக்கணும்? அதெல்லாம் வெடிக்கலையே!"

"ஒரு வண்டியையாவது அளந்து பாருங்களேன்."

"திருட்டு நடந்த வீட்டைத்தான் சோதனை போடுவாங்க. தெருவையே சோதனை போடுவாங்களா?"

மச்சினன் காபி டம்ளரைப் பாதியில் வைத்தான். "அப்போ எங்க டீம் திருட்டு டீம். அப்படித்தானே?"

"நான் சொல்லல மாப்ளே. ஸ்கேல் சொல்லுது."

"அந்த ஸ்கேல் கூடவே உக்காந்து பாருங்க" என்று எழுந்தான் அவன். அக்கா பின்னாலேயே ஓடினாள். மின்தூக்கியை நம்பி வாழ்கிறவன் அன்று படிகளில் இறங்கிப் போனான். இறங்கிய வேகத்திலிருந்தே கோபத்தின் அளவை அவள் கணித்துக்கொண்டாள்.

அளவுகோல் பதிந்த படம் குழுவில் ஏறியது. பத்தே நிமிடத்தில் மில்லிமீட்டர் தலைவரானார். "ஐயா, நீங்க எங்கயோ இருக்க வேண்டியவர்" என்றார் குழுவை நடத்தும் மருந்துக்கடைக்காரர். 62/59 என்ற எண் பலருடைய முகப்புப் படமாயிற்று. அதை அச்சடித்த பனியன் தைத்துப் போட்டுக்கொண்டவர் இருவர். ஒருவர் பனியனிலேயே பொடி எழுத்தில் விளக்கமும் சேர்த்திருந்தார். மச்சினனும் அதே குழுவில் இருந்தான். "ஒரு வண்டியை மட்டும் அளந்து எப்படிச் சொல்றீங்க?" என்று அவன் இரண்டு நாள் கேட்டான். மூன்றாம் நாள் அவனுக்கு 'நீல அணியின் கைக்கூலி' என்ற பட்டம் கிடைத்தது. நான்காம் நாள் வாக்கெடுப்பு நடத்தி நீக்கினார்கள். நீக்கலாம் என்றவர்கள் எண்ணூற்றுப் பதினொருவர், வேண்டாம் என்றவர்கள் முப்பத்தாறு. மில்லிமீட்டர் வாக்களிக்கவில்லை. நடுநிலை வகித்தார். ஒரு சொல் சொல்லியிருந்தால் நின்றிருக்கும். ஆனால் உறவுக்காரனுக்குச் சலுகை காட்டினார் என்று நாளை யாரும் பேசிவிடக் கூடாதல்லவா?

அதற்குப் பின் மூன்று ஞாயிறு வந்து போயின. சோபாவின் இடப்பக்கம் நோட்டுகள் உட்கார்ந்தன. "இந்தச் சுத்து யாரு முன்னாடி?" என்று வழக்கமாக ஒருமுறையாவது கேட்டு வைக்கிற மனைவி எதையும் கேட்கவில்லை. மூன்றாம் ஞாயிறு, பந்தயத்தின் நடுவில், ஈரத் துணியோடு வந்து திரைக்கு முன்னால் நின்றாள்.

"ஏங்க, எனக்குக் கூடப்பொறந்தவன்னு இருக்கிறது அவன் ஒருத்தன். போன் பண்ணினா, 'அத்தான் வீட்ல இருக்காரா'ன்னு கேட்டுட்டு வச்சிடறான். உங்க ஸ்கேல்ல அளந்து சொல்லுங்க, நானும் அவனும் இப்ப எவ்வளவு தூரம்?"

"உண்மை வெளிய வரட்டும். அவனே வந்து மன்னிப்புக் கேப்பான் பாரு."

"எந்த டயரு வெடிச்சா எனக்கென்னங்க? எனக்கு அவன் வரணும்."

மில்லிமீட்டருக்கும் அவன் வர வேண்டும். இடப்பக்கத்திலிருந்து "போடு! போடு!" என்று குதிக்க ஆளில்லாமல், தாம் சொல்கிற சரியான கருத்துகள் எல்லாம் கேட்பாரற்றுச் சுவரில் மோதித் திரும்புவது அவருக்கு வேதனையாகத்தான் இருந்தது. ஆனால் அவன் தோற்று வர வேண்டும். தலைமையும் வேண்டும், மச்சினனும் வேண்டும். இரண்டையும் ஒரே வீச்சில் பெற வழி ஒன்று வாய்த்தது. பந்தயக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அனுப்பப் பதினான்கு பக்க மனு தயாராகி, ஆயிரத்து நூற்று நாற்பது கையெழுத்துச் சேர்ந்திருந்தது. அதை அனுப்பும் முன், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அவர் டயரை அளந்து காட்டுவதைக் காணொளியில் நேரலையாக ஒளிபரப்ப ஏற்பாடாயிற்று. "ஐயா, ஒரு சின்ன யோசனை" என்றார் பல் மருத்துவர். "நல்ல டயர் ஒண்ணையும் பக்கத்துல அளந்து காட்டிட்டா, அவனுங்க வாயைத் திறக்கவே முடியாது."

நியாயமான யோசனை. சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு ஒத்திகையில் இறங்கினார் மில்லிமீட்டர். மனைவி கூடத்தின் மூலையில் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

நீலக் காரை அளந்த அதே இடத்தில், அதே கோணத்தில் படத்தை நிறுத்தி, பந்தயத்தில் வென்ற சிவப்பு அணிக் காரின் டயரில் அளவுகோலை வைத்தார். அறுபத்திரண்டு. நிமிர்த்தினார். ஐம்பத்தொன்பது.

"இவனுமா!" என்றார்.

பச்சை அணி: அறுபத்திரண்டு, ஐம்பத்தொன்பது. வெள்ளை அணி, கடைசியாக வந்த ஆரஞ்சு அணி, முதல் சுற்றிலேயே நின்றுபோன கார், அனைத்துக்கும் அதே அளவு. மில்லிமீட்டர் எழுந்து நின்றுவிட்டார். அச்சத்தால் அல்ல, ஊழலின் பிரம்மாண்டத்தை எண்ணி. பத்து அணிகள், இருபது கார்கள், எண்பது டயர்கள்! எல்லாரும் கூட்டுச் சேர்ந்து, மில்லிமீட்டர் பிசகாமல் ஒரே அளவுக்குக் காற்றைக் குறைத்திருக்கிறார்கள்! "எல்லாத் திருட்டுப் பயலும் ஒண்ணாச் சேந்திருக்கானுங்கடீ!" என்று மனைவியைப் பார்த்துக் கூவினார். மனுவில் இன்னும் ஆறு பக்கம் சேர்க்க வேண்டியிருக்கும் என்று மனம் கணக்கிட்டது. படத்தைப் பந்தயத் தொடக்கத்துக்கு ஓட்டி நிறுத்தினார். அங்கிருந்தே எல்லா டயரையும் வரிசையாக அளந்துவிடுவதாகத் திட்டம்.

மனைவி ஒரு சட்டையை மடிப்பதை நிறுத்தித் திரையைப் பார்த்தாள். கார்களுக்கு மேலே ஐந்து சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"ஏங்க," என்றாள். "அந்த லைட்டுக்கும் காத்து இறங்கிடுச்சா?"

மில்லிமீட்டர் அளவுகோலை எடுத்து விளக்கின்மேல் வைத்தார். குறுக்கே பார்த்தார். நிமிர்த்திப் பார்த்தார். பிறகு வெகுநேரம் எதையும் பார்க்கவில்லை.

மூன்று ஆண்டுக்கு முன் தொலைக்காட்சி வாங்கிய அன்று, படத்தின் இரு ஓரத்திலும் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை தெரிந்தது. காலியாகக் கிடக்கும் இடத்தைக் கண்டால் பொறுக்காத சுபாவம். ரிமோட்டை எடுத்து, மெனுவுக்குள் போய், படத்தின் அகலத்தைப் பட்டை மறையும்வரை இழுத்துவிட்டவர் அவரேதான். அன்று முதல் அந்த வீட்டில் நிலாவும் சற்று அகலம். செய்தி வாசிப்பவர், வானிலை சொல்பவர், பிரதமர், பந்தயக் கார் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் பாரபட்சமில்லாமல் நூற்றுக்கு ஐந்து கூடுதல்.

"செய்தி வாசிக்கிற பொண்ணு ரொம்பப் பூசினாப்ல ஆயிட்டாளேன்னு நான் நினைச்சிருக்கேன்" என்றாள் மனைவி. "நீங்கதான் அளவுக்காரராச்சே, தெரியாமலா இருக்கும்னு கேக்கல."

சோபாப் பொறியாளர் இனத்துக்கு இத்தகைய தருணத்தில் இயற்கை சில தப்பிக்கும் வழிகளை வகுத்துத் தந்திருக்கிறது. மின்சாரம் போய்விட்டது என்று நேரலையை ரத்துச் செய்யலாம். தொலைக்காட்சியின் பட அகலத்தை இப்போது சரிசெய்துவிட்டு, அடுத்த பந்தயத்தில் அளந்து, 'நம் மனுவுக்கு அஞ்சி எல்லா அணியும் காற்றைச் சரிசெய்துவிட்டன' என்று வெற்றி விழா கொண்டாடலாம். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், இந்த இரண்டாம் யோசனை மில்லிமீட்டருக்குள் முழு நான்கு நிமிடம் உயிரோடு இருந்தது. அதன் அழகை அவர் எல்லாக் கோணத்திலும் ரசித்தார். ஆனால் அந்த வெற்றி விழாவில் மச்சினன் எங்கே உட்காருவான்? தான் திருட்டு அணியின் கைக்கூலி, இப்போது அணி திருந்திவிட்டது என்று எண்ணிக்கொண்டா வருவான்? மனைவி மடித்த துணிகளை மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

மில்லிமீட்டர் கைப்பேசியை எடுத்து, அலுவலகக் கடிதம் எழுதுகிற நேர்த்தியோடு எழுதினார்: "பொருள்: பிழை திருத்தம். எமது தொலைக்காட்சியின் பட அகலம் கூடுதலாக அமைக்கப்பட்டிருந்ததால் 62/59 என்ற அளவு தவறானது. வட்டமான எல்லாப் பொருள்களும் அவ்வாறே தெரிகின்றன. நீல அணியின்மீது சுமத்திய குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன். என் மச்சினன் கேட்ட கேள்வி சரியானது. அவரை நீக்கியது தவறு. மனுவும் நேரலையும் ரத்து."

அனுப்பினார். எஃகு அளவுகோலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"போனை விட்டுட்டுப் போறீங்களே?"

"இருக்கட்டும். அது கையில இருந்தா பாதி வழியில மனசு மாறிடும்."

மச்சினன் கதவைத் திறந்தான். "வாங்க" என்று சொல்லவில்லை, கதவை மூடவுமில்லை.

"மாப்ளே, நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"நீங்க எதுவும் சொல்ல வேணாம் அத்தான். உள்ள வந்து இதைப் பாருங்க." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். மேசைமேல் தடித்த காகிதக் கட்டு ஒன்று இருந்தது. மேலட்டையில் சிவப்பு அணிக் காரின் படம், அதன்மேல் மின்தூக்கிக் கதவை அளக்கிற மடக்கு அளவுகோல். "மூணு வாரமா ராத்திரி பகலா உக்காந்து எடுத்தது. நீங்க சொன்னது வெறும் மூணு மில்லி. அன்னிக்கு ஜெயிச்ச சிவப்புக்காரனுங்க அறுபத்து நாலுக்கு அம்பத்தெட்டு. ஆறு மில்லி! இருபது பக்கம். திங்கக்கிழமை வெளியிடறேன். எவன் திருடன்னு உலகம் பாக்கட்டும்."

மில்லிமீட்டர் அந்தக் காகிதங்களைப் புரட்டினார். ஒழுங்கான அட்டவணைகள். சிவப்பு மையில் குறிப்புகள்கூட இருந்தன. நீல அணியின் அட்டவணையைத் தேடினார்.

"மாப்ளே... நீல வண்டியை அளந்தியா?"

"அதை எதுக்கு அளக்கணும்? அவங்க தப்பு பண்ணலையே!"

மில்லிமீட்டர் அளவுகோலை நீட்டினார். மச்சினன் ஏளனமாக வாங்கி, படத்தை ஓட்டி, நீலக் காரில் நிறுத்தி அளந்தான். அவன் முகம் மாறியது. மறுபடி அளந்தான். பிறகு மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ எங்க டீமும் திருட்டா அத்தான்?"

குரல் உடைந்திருந்தது. ஒன்பது ஆண்டு தோல்வியில் உடையாத குரல். அந்தக் குரலை நான்கு வாரத்துக்கு முன் கேட்டிருந்தால் மில்லிமீட்டர் நோட்டில் குறித்துவைத்திருப்பார். இப்போது அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ரிமோட்டை வாங்கி, மெனுவுக்குள் போய், படத்தின் அகலத்தைக் குறைத்தார். இரு ஓரத்திலும் கறுப்புப் பட்டை தோன்றியது. டயர் வட்டமாயிற்று.

மச்சினன் டயரைப் பார்த்தான். அத்தானைப் பார்த்தான்.

"இந்த டிவிய செட் பண்ணிக் குடுத்தது யாரு?"

"நான்தான்."

"பட்டை தெரிஞ்சா அசிங்கமா இருக்குன்னு சொன்னது?"

"நான்தான் மாப்ளே."

முதலில் சிரித்தது யார் என்பதற்குப் பதிவு இல்லை. இருவரும் சிரித்த சிரிப்பில், என்னவோ ஏதோவென்று கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்தார் என்பதற்கு உண்டு.

மாலை ஆறு மணிக்கு மச்சினனும் கூடவே வீட்டுக்கு வந்தான். அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள், வெங்காயம் நறுக்கப் போவதாக. போகிற போக்கில் கணவரிடம் கைப்பேசியை நீட்டினாள். "நீங்க போனதுலேருந்து கத்திக்கிட்டே இருக்கு."

மில்லிமீட்டரின் பிழை திருத்தத்தை நம்பியவர் ஒருவரும் இலர். 'ஐயாவை மிரட்டிட்டாங்க' என்று முதல் பதில் வந்திருந்தது, அனுப்பிய பதினோராவது நொடியில். 'இது ஐயா நடை இல்ல' என்றார் ஒருவர். நடை அதுவேதான். 'மச்சினன் கேட்டது சரின்னு எழுதினப்பவே தெரிஞ்சிருச்சு, பக்கத்துல ஆள் நிக்குது' என்றார் மற்றொருவர். கடைசியில் மருந்துக்கடைக்காரர் முறையான சோதனை ஒன்றை வகுத்தார்: 'ஐயா, உங்களுக்கு ஆபத்துன்னா இரண்டு மணி நேரத்துக்குப் பதில் போடாதீங்க. நாங்க புரிஞ்சுக்குவோம்.'

இரண்டு மணி நேரம் அவர் மச்சினன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

புரிந்துகொண்டார்கள். குழுவின் பெயர் 'ஐயாவுக்கு நீதி' என்று மாறியது. உறுப்பினர்கள் அவரவர் வீட்டுத் தொலைக்காட்சியில் அளக்கத் தொடங்கினார்கள். அறுபத்தொன்றுக்கு அறுபது, அறுபத்தைந்துக்கு ஐம்பத்தேழு என்று அளவுகள் குவிந்தன. பல் மருத்துவர் வீட்டில் உயரம் கூடி அகலம் குறைந்திருந்தது. சில அணிகள் காற்றை அளவுக்கு மீறி ஏற்றியிருப்பதாக அவர் புதிய பிரிவொன்றைத் தொடங்கினார். ஐந்தரை மணிக்கு, எதிரிகளின் கையில் சிக்கியிருக்கும் அந்தக் கைப்பேசியால் குழுவின் இரகசியங்கள் கசியக்கூடும் என்று கருதி, ஒருமனதாக வாக்கெடுத்து மில்லிமீட்டரின் எண்ணை நீக்கினார்கள். தங்கள் தலைவரைக் காப்பாற்றத் தலைவரையே வெளியேற்றிய நிகழ்ச்சி வேறெங்கும் நடந்ததாக நான் அறியேன்.

"எத்தனை ஓட்டு அத்தான்?" என்று கேட்டான் மச்சினன்.

"ஆயிரத்து இருநூத்தி நாலு."

"எனக்கு எண்ணூத்திப் பதினொண்ணுதான். நீங்க பெரிய ஆளுதான் அத்தான்."

டயர் வெடித்ததைப் பற்றிய முழு விசாரணை அறிக்கை ஏழாம் வாரம் வெளிவந்தது. நாற்பத்தாறு பக்கம். காரணம் இன்னதென்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்றும், பாதுகாப்புக் கருதி இனிக் காற்றின் குறைந்தபட்ச அளவு உயர்த்தப்படுகிறது என்றும் அதில் இருந்தது. 'ஐயாவுக்கு நீதி' குழுவில் அதைப் படித்தவர் ஒருவருமில்லை. தீர்ப்பு வந்த வழக்கின் சாட்சியத்தை யார் படிப்பார்? முழுதாகப் படித்தது மில்லிமீட்டரின் மனைவி. ஓட்டுநருக்குத் தோள்பட்டையில் சிறு காயம், இப்போது குணம் என்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதைக் கண்டதும் மூடி வைத்துவிட்டாள். அவளுடைய ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

வாசகரே, நீங்கள் மில்லிமீட்டரைப் பார்த்துச் சிரித்தீர்கள். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் படித்துவரும்போது உங்கள் மனத்தில் இப்படி ஓர் எண்ணம் ஓடியதா? 'திரையில் ஓடும் டயரை அளந்ததே தவறு. முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் டயர் விரிந்திருக்கும், காரின் பாரத்தில் அமுங்கியிருக்கும், ஒளிப்படக் கருவியின் கோணத்தையும் கழிக்க வேண்டும். நானாக இருந்தால் சக்கரத்தின் உள்வளையத்தை அளந்து விகிதம் எடுத்திருப்பேன்.' ஓடியதா? முறையான ஆட்சேபம். மறுக்க ஒரு வழியும் தெரியவில்லை. மனைவியோ மச்சினனோ பக்கத்தில் இருந்தால் இதை அவர்களிடம் விளக்கிச் சொல்லவும் இந்நேரம் வாயெடுத்திருப்பீர்கள். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று: முதுகு இன்னும் சாய்மானத்தில்தான் இருக்கிறதா, பார்த்துக்கொள்ளுங்கள்.